பலாலிக்கு ஒரு பெட்டி வந்த வழி

நெல்லியடிச் சந்தியில் நின்று பருத்தித்துறை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். "பஸ்ஸில கால் மணித்தியாலம்" என்பார்கள். கிலோமீற்றர் கணக்கை யாரும் சொல்வதில்லை. போகிறவருக்குத் தேவை நேரம்தான். அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜோன் மொறெல் 1950களில் ஆகாயத்துக்கும் இதே கணக்கைத்தான் போட்டார். இரண்டு விமானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அவை நெருங்கும் வேகத்தால் வகுத்தால், மோதலுக்கு மிச்சமிருக்கும் நொடிகள் கிடைக்கும். அந்த நொடிகளை எண்ணும் பெட்டிக்கு இன்று டீகாஸ் என்று பெயர். நெல்லியடிக்கு மேற்கே, வான்வழியே பதினைந்து கிலோமீற்றருக்குள் இருக்கும் பலாலியில் வந்திறங்கும் சென்னை விமானங்களிலும் அது இருக்கிறது.

பெட்டி நொடிக்கொரு தடவை 1030 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் "யாரங்கே?" என்று கேட்கும். அக்கம்பக்கத்தில் பறக்கும் விமானத்தின் டிரான்ஸ்பொண்டர் 1090இல் தன் உயரத்தைச் சொல்லும். பதில் வர எடுத்த நேரத்தை வைத்துப் பெட்டி தூரத்தைக் கணக்கிடும். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வருகின்றன என்று வையுங்கள். மோதலுக்கு 25 நொடி இருக்கும்போது இடைவெளி ஏழு கிலோமீற்றர்: நெல்லியடியில் புறப்பட்டால் பருத்தித்துறையையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடும் தூரம். அவ்வளவு தள்ளி இருப்பதைக் கண் கண்டுபிடித்து, மனம் முடிவெடுத்து, கை திருப்ப நேரம் போதாமல் போகலாம். முதலில் "டிராபிக், டிராபிக்" என்ற எச்சரிக்கை வரும். ஆபத்து விலகாவிட்டால் ஒரு விமானத்துக்கு ஏறச் சொல்லியும் மற்றதற்கு இறங்கச் சொல்லியும் கட்டளை வரும். யார் மேலே, யார் கீழே என்பதை இரண்டு பெட்டிகளும் தமக்குள் பேசி முடிவுசெய்துவிடும்.

இந்தப் பெட்டி சாவு வீடுகள் வழியாகத்தான் நடந்து வந்தது. 1956இல் கிராண்ட் கன்யனுக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 128 பேர். 1978இல் சான் டியாகோவில், தரையிறங்க வந்த போயிங் 727 ஒரு சிறு செஸ்னாவோடு மோதியது. 1986இல் லொஸ் ஏஞ்சல்ஸை நெருங்கிய டிசி-9 ஒரு பைப்பரோடு மோதி, செறிற்றோஸ் குடியிருப்பின் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் டீகாஸைச் சட்டமாக்கியது. அதே 1987இல் வடமராட்சியில் விமானச் சத்தம் கேட்டால் சனம் பங்கருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தது டில்லி. 1996 நவம்பர் 12, மாலை. சவூதி ஜம்போ டில்லியிலிருந்து ஏறி 14,000 அடியில் நிற்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களே அதில் அதிகம். கசகஸ்தானின் இல்யூஷின் டில்லியில் தரையிறங்க வருகிறது. 15,000 அடிக்குக் கீழே வரக்கூடாது என்பது அதற்கான அனுமதி. போகிறவருக்கும் வருகிறவருக்கும் அன்று ஒரே வான்பாதை. டில்லியின் ராடர் புள்ளியைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. இல்யூஷின் கீழே இறங்கியதைத் தரையிலிருந்தவர் பார்க்க வழியே இல்லை. சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேலே 349 பேரும் போனார்கள். டீகாஸ் இரண்டிலும் இல்லை. அதன் பிறகுதான் டில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனிப் பாதை; இந்திய வானில் பறக்கும் விமானங்களுக்கு டீகாஸ் கட்டாயம். வீடு கட்டக் காசு தேடிப் போன அந்தத் தொழிலாளிகளை நினைக்காமல் என்னால் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுத முடியவில்லை.

பெட்டி இருந்தும் போதாத இரவு ஒன்றும் உண்டு. 2002 ஜூலை 1, ஜெர்மனியின் ஊபர்லிங்கன். பெட்டி ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது, தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானிகள் இறங்கி மற்ற விமானத்தோடு மோதினார்கள். 71 பேர் இறந்தனர், பெரும்பாலும் பிள்ளைகள். இரண்டு குரல் கேட்டால் பெட்டியின் குரலுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது.

பலாலி பழைய நிலம். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் போட்ட ஓடுபாதை. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இங்கே இறங்கியது. அந்த டக்கோட்டாவில் விமானியின் கண்ணே காவல். 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து வந்தது அலையன்ஸ் எயாரின் ஏடிஆர், பெட்டியோடு.

தரையை நெருங்க நெருங்கப் பெட்டி தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். உயரத்தில் மோதலுக்கு 35 நொடி இருக்கும்போதே கட்டளை இடுவது, தாழ்வில் 15 நொடிவரை பொறுக்கும். ஓடுபாதையருகே விமானங்கள் கிட்டக்கிட்டத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் கத்தினால் தரையிறங்க முடியாது. ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே கட்டளையே இல்லை. தாழ்வில் "இறங்கு" என்றால் நிலத்தில்தான் முட்டும். மயிலிட்டிக் கடலும் பனந்தோப்பும் கண்ணாடியில் தெரியத் தொடங்கும் அந்தக் கடைசி நிமிடங்களில், காவல் மறுபடியும் விமானியின் கண்ணிடமும் கோபுரத்தில் இருப்பவரின் குரலிடமும் வந்துவிடுகிறது.