சுங்கம்

சுங்கம் என்றால் நம்மவர்களுக்கு என்றைக்குமே வேப்பங்காய்தான். 1070-இல் பட்டமேறிய முதற் குலோத்துங்க சோழன் எத்தனையோ போர் செய்தான். நிலைத்ததோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர். அவனுக்குப் பல நூற்றாண்டு முந்திய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் வருகின்றன. சுங்கம் வாங்கும் பெருவழியை வில்வீரர் காக்கிறார்கள். கொடுத்ததற்குக் காவலாவது கிடைத்தது.

நம் காலத்து நகரங்களோ நெரிசலுக்கே சுங்கம் வைத்தன. சிங்கப்பூர் 1975-இல், காலை வேளையில் நகரின் நடுவே நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நாலு பேர் சேர்ந்து வந்த காருக்கு அப்போது விலக்கு இருந்தது. 2003-இல் லண்டன் வசூலைத் தொடங்கியபோது, எல்லைக்குள் குடியிருப்போருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தள்ளுபடி.

இவற்றைப் படிக்கையில் கம்பம் பள்ளத்தாக்குதான் என் நினைவுக்கு வருகிறது. காலையில் தூக்குச்சட்டியோடு கூலிப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். புறப்படும் நேரம் அவர்கள் கையில் இல்லை. தோட்டத்தின் கையில் இருக்கிறது. நாளைக்கு இங்கேயும் நெரிசல் கட்டணம் வந்தால்? வண்டியை எண்ணினால் அந்த ஜீப்புக்கும் ஒற்றை ஆள் காருக்கும் ஒரே தண்டம். தலையை எண்ணினால் ஜீப் சும்மா போகும். அதற்கு இன்னொரு சோழன் பிறக்கவேண்டாம். எண்ணத் தெரிந்த அதிகாரி ஒருவர் போதும்.