மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

திருக்கடையூர் என்றதும் அறுபதாம் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். பக்கத்தில், மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில், வேறொரு 'கல்யாணத்தை' எதிர்த்துப் போராடியவர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி, சாமிக்கு மனைவி என்று சொல்லித் தேவதாசியாக்கும் வழக்கம் அது.

ஐந்து வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர் அவர். ஆகவே 1936-ல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவல் வெறும் கேள்விப்பட்ட கதை அல்ல. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பேசியதை இவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சொந்த சமூகத்திலேயே எதிர்ப்பு! 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

1989-ல் தமிழக அரசு அவர் பெயரை வைத்தது ஒரு திருமண உதவித் திட்டத்துக்கு. 2022-ல் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அவர் பெயருக்குப் பொருத்தம் இதுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய், அவள் கணக்கிலேயே.