முடிவுக்குப் பின் வந்த ஆய்வு: வில்லியம் ஆடமின் கல்வி அறிக்கைகள்

கல்விக் கொள்கை வகுப்போர் முதலில் ஆராய்ந்து, பின்னரே முடிவு செய்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் ஆய்வு முறையாக நடைபெறுவது வேறு. ஆள்வோர் அதற்குச் செவிசாய்ப்பது வேறு. இவ்வுண்மைக்கு வங்காளத்தில் வில்லியம் ஆடம் நடத்திய ஆய்வு தக்கதொரு சான்றாகும்.

ஸ்காத்லாந்தில் பிறந்த ஆடம் 1818இல் பாப்திஸ்து மிஷனரியாக இந்தியா வந்தவர். ராஜாராம் மோகன் ராயுடன் கொண்ட பழக்கத்தால் 1821இல் திரித்துவக் கோட்பாட்டைக் கைவிட்டார். அதனால் தம் சங்கத்தாரின் உறவையும் இழந்தார். இவரையே 1835 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு நாட்டுக் கல்வியின் நிலையை ஆராய நியமித்தார். ஆனால் ஆடமின் முதல் அறிக்கை வெளிவருமுன்னரே, அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். மார்ச் 7ஆம் நாள், கல்விக்கான அரசு நிதி ஆங்கிலக் கல்விக்கே உரியது என்ற ஆணையும் பிறந்தது. ஆய்வாளர் புறப்படுமுன் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

ஆடம் மனந்தளரவில்லை. ராஜஷாகி மாவட்டத்து நாட்டோர் வட்டாரத்தில் 485 கிராமங்களை ஆராய்ந்தார். அங்கு 27 தொடக்கப் பள்ளிகளில் 262 மாணவரே பயின்றனர். வீட்டில் கற்ற சிறுவரோ அவரினும் பன்மடங்கினர். பள்ளிகளை மட்டும் எண்ணியிருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

1838இல் அளித்த மூன்றாம் அறிக்கையில் மாணவரின் சாதியையும் அவர் பதிவு செய்தார். பர்துவான் மாவட்டத்தில் மிகத் தாழ்ந்தனவாகக் கருதப்பட்ட 16 சாதிகளைச் சேர்ந்தோர், 13 மிஷன் பள்ளிகளில் 86 பேர். நம் திண்ணைப் பள்ளிகளை ஒத்த நாட்டுப் பாடசாலைகளில் 674 பேர். பாடசாலைகள் 600க்கும் மேற்பட்டவையாதலால், இவ்வெண்களைக் கொண்டு மிஷன் பள்ளிகளைக் குறைகூறுதல் நேர்மையாகாது. ஆனால் ஒடுக்கப்பட்டோருக்குக் கல்விக் கதவைத் திறந்தவர் மிஷனரிகள் மட்டுமே என்ற எண்ணம் அங்கே நிலைபெறவில்லை. மிஷனரியாக வந்த ஒருவரே இதை மறையாது எழுதினார் என்பது கருதத்தக்கது.

அவர் கூறிய பரிந்துரைகள் எளியவை. இருக்கும் பாடசாலைகளை அழிக்காமல் அவற்றின்மீதே கட்டுக. தாய்மொழியில் நல்ல நூல்கள் தருக. ஆசிரியருக்கு ஆண்டுதோறும் சில மாதங்கள் பயிற்சியளிக்க. மாணவரின் தேர்ச்சியைச் சோதித்து ஆசிரியருக்குப் பரிசளிக்க. இவற்றை முதலில் சில மாவட்டங்களில் மட்டும் செய்து பார்க்க என்பன அவை. பொதுக்கல்விக் குழுவோ இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது, செலவு மிக்கது என்று ஒதுக்கியது. 1839இல் ஆக்லண்ட் பிரபுவும் அதற்கு இசைந்தார். உயர்ந்தோருக்குக் கற்பித்தால் அறிவு தானே கீழே வழியும் என்பது அன்றைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை எவரும் களத்தில் சோதித்ததில்லை. ஆடமோ அதற்குள் இந்தியாவை விட்டு நீங்கியிருந்தார்.

1854இல் வந்த உட் கல்வி அறிக்கை, நாட்டுப் பள்ளிகளை ஊக்குவித்து மேம்படுத்த வேண்டும் என்றது. 1868இல் ஜேம்ஸ் லாங் என்னும் சர்ச் மிஷனரி சங்கத்து ஊழியர் ஆடமின் அறிக்கைகளைக் கல்கத்தாவில் மீண்டும் பதிப்பித்தார். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்ட பிள்ளைகளுக்கு அவ்வறிக்கைகளால் பயன் விளையவில்லை.

இவ்வரலாறு நமக்கும் உரியது. சபைப் பள்ளிகளின் தாளாளராகப் பொறுப்பேற்கும் ஆயர்கள், பள்ளியைத் திறக்கவும் மூடவும் இணைக்கவும் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானத்திற்கு முன் நாம் அவ்வூர்த் தெருக்களில் நடந்தோமா? பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்தோமா? நமக்கு உவப்பில்லாத விடை வந்தபோது அதையும் ஏட்டில் எழுதினோமா? எழுதிய பின்னும் முன்பே எடுத்த முடிவைப் பற்றிக்கொண்டு நின்றால், நாம் ஆடமின் வழியினர் அல்லர். அவரை ஒதுக்கிய குழுவின் வழியினரே.