மண்ணின் தள்ளுவிசையும் சுருட்டுப் பெட்டிகளும்

புலம்பெயர்ந்த படிப்பாளிகள் தத்தம் துறைகளை இழந்துவிட்டார்கள், இனி நாம் செய்யக்கூடியது நினைவுக் குறிப்பு எழுதுவதுதான் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அதற்கு மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறொரு கதையாகிவிட்டது.

2008 வரை இலங்கையில் மண்பொறியியல் கற்பித்தவன் நான். இன்று ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ற் ஓட்டுகிறேன். காலில் படும் கொங்கிறீற் தரையும், சரக்கு முற்றத்தின் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் சுவரும் நான் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டிய பொருட்கள்தாம். அந்தக் கணக்குகள் எங்கே பிறந்தன என்பதை வகுப்பில் நான் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை. சூத்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

தாங்குசுவருக்கான சூத்திரம் கரிபியன் தீவொன்றின் கோட்டை வேலையோடு தொடர்புடையது. மார்த்தினிக் தீவை 1762 இல் பிரித்தானியர் கைப்பற்றி, மறு ஆண்டு சமாதான ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தனர். இனியும் இழக்கக்கூடாதென்று பிரான்சு அங்கு பூர்போன் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. 1764 இல் போய்ச் சேர்ந்த இராணுவப் பொறியியலாளர் கூலோம் 1772 வரை அங்கே இருந்து, காய்ச்சலால் உடலைக் கெடுத்துக்கொண்டு திரும்பினார். 1773 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை 1776 இல் அச்சானது. அதுவரை வோபான் வகுத்த அளவுகளைப் பார்த்துச் சுவர் கட்டினார்கள். கூலோம் கேட்ட கேள்வி எளிமையானது: சுவர் சற்று விலகினால், அதன் பின்னால் ஆப்பு வடிவில் வழுக்கி வரக்கூடிய மண் துண்டுகள் பலவற்றுள் அதிகமாகத் தள்ளுவது எது? அந்த அதிகபட்சத்துக்கே சுவரை அமைக்க வேண்டும். உராய்வு, ஒட்டுந்தன்மை என்று மண்ணின் வலிமையை இரண்டாகப் பிரித்ததும் அவர்தான்.

மார்த்தினிக் அன்று அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த தீவு. அந்தக் கட்டுரையில் மண் இருக்கிறது, கல் இருக்கிறது, சுமந்தவன் இல்லை. இதற்காகக் கூலோமைக் குற்றக்கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. நானும் அப்படித்தான் கற்பித்தேன்.

1857 இல் ஸ்கொட்லாந்துக்காரர் ரங்கின் அதே கேள்வியை இன்னும் சுருக்கினார். உராய்வுக் கோணம் 30 பாகையான மணல், விலகக்கூடிய சுவரின் மீது தன் செங்குத்து அழுத்தத்தில் மூன்றிலொரு பங்கால் தள்ளும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடுவதால், சுவரின் உயரத்தை இரட்டித்தால் மொத்தத் தள்ளுவிசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்கு. 'இன்னும் ஒரு மீற்றர்தானே' என்று உயர்த்தப்பட்ட மதில்கள் ஏன் விழுகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இனி நான் சொல்ல வந்த மனிதர். கார்ல் தெர்சாகி 1883 இல் பிராக் நகரில் பிறந்த ஒஸ்திரியர். 1916 இல் இஸ்தான்புல்லின் ஒத்தமான் பொறியியற் கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். 1918 இல் யுத்தம் தோற்றது, வேலை போனது. அதே நகரில் அமெரிக்கர் நடத்திய றோபேட் கல்லூரி இடம் கொடுத்தது. ஆய்வுகூடம் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரியின் குப்பைமேட்டில் பொறுக்கிய பொருட்களையும் கொண்டு கருவிகள் செய்தார். சுவர் அசையாது நிற்கும்போது மண் எவ்வளவு தள்ளுகிறது, மயிரிழை விலகியதும் அது எப்படிக் குறைகிறது என்று அளந்தார். ஈரக் களிமண்ணை அழுத்தி, நீர் மெல்ல மெல்ல வெளியேறுவதைப் பார்த்திருந்தார். மண்ணைத் தாங்குவது துணிக்கைகளுக்கு இடையிலான அழுத்தமே, இடுக்கு நீரின் அழுத்தத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. 1925 இல் வியன்னாவில் வெளியான அவரது மண்பொறியியல் நூலோடு ஒரு துறையே தொடங்கியது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் காட்டலாம். கன மீற்றருக்கு 1.8 தொன் நிறையுள்ள அதே மணல், 3 மீற்றர் ஆழத்தில் சதுர மீற்றருக்கு 1.8 தொன் அளவில் பக்கவாட்டாகத் தள்ளும். மேல்வரை நீர் நிறைந்துவிட்டால்? நீரில் மிதப்பு கழிந்த மண் ஏறக்குறைய 1 தொன், நீர் தனியாக 3 தொன், கூட்டினால் 4. இரு மடங்குக்கு மேல். சுவரிலே கசிவுத் துளை விடுவது இதற்காகத்தான்.

தெர்சாகியை நம் போன்ற அகதி என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. 1930களின் நடுவில் நூரன்பேர்க்கின் நாசிப் பேரணி மைதானக் கட்டடங்களுக்கு ஆலோசனை சொன்னவர் அவர். 1938 இல்தான் ஒஸ்திரியாவை விட்டுப் போனார். இன்னொரு கதையும் உண்டு. வியன்னாவில் சக பேராசிரியரான பவுல் பில்லுங்கர் 1936 இல் துண்டுப்பிரசுரம் போட்டு, தெர்சாகியின் கோட்பாடு பிழை என்று வசைபாடினார். விசாரணைக் குழு பில்லுங்கருக்கு எதிராகத் திரும்பியது. 1937 மார்ச்சில் அவரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் றைன்ற் டி போர் என்ற ஜேர்மன் பேராசிரியர் பழைய தாள்களைப் புரட்டி, நீர் நிறைந்த நுண்துளைப் பொருட்கள் பற்றிப் பில்லுங்கர் மிகச் சரியான சிலவற்றைக் கண்டிருந்தார் எனக் காட்டினார். துண்டுப்பிரசுரங்களால் நிறைந்த நம் சூழலுக்கு இது அந்நியமான கதையல்ல.

தரையைப் பற்றிச் சுருக்கமாக. 1867 இல் விங்க்லர் நிலத்தை வரிசையாக வைத்த வில்சுருள்களாகக் கற்பனை செய்தார். 1926 இல் டென்மார்க்கில் பிறந்த வெஸ்ரர்கார்ட், அமெரிக்காவில் கொங்கிறீற் வீதிகளுக்காக அதைக் கணக்காக்கினார்: சுமை பலகையின் நடுவில், ஓரத்தில், மூலையில். மூலைதான் பலவீனம், வெடிப்பு மேலிருந்து குறுக்காக ஓடும். அந்த வில்சுருளின் விறைப்பு மண்ணின் தனிக்குணமல்ல, சுமை பரவும் அகலத்தோடு மாறும் என்று 1955 இல் எச்சரித்தவரும் தெர்சாகியே. எங்கள் மண்டபத்தில் இணைப்புக் கோடுகள் சந்திக்கும் நான்கு இடங்களில் மூலை உடைந்திருக்கிறது. சரக்கோடு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வெஸ்ரர்கார்டின் கணக்கு என் முதுகெலும்பில் ஏறுகிறது.

போன மாரியில் முற்றத்துச் சுவர் சற்று வெளியே பிதுங்கியிருப்பதைக் கண்டேன். கசிவுத் துளைகளில் புல்லும் சேறும். மேற்பார்வையாளரிடம் இரண்டு தடவை சொன்னேன். "நீ வண்டியை ஓட்டு" என்றார், கோபமில்லாமல்தான். நான் யாரென்று அவருக்குச் சொல்லவும் இல்லை. சுவரின் அடியில்தான் துருக்கிக்காரரான மெஹ்மெத் அண்ணையும் நாங்களும் இடைவேளையில் சிகரெட் பிடிப்போம். ஒரு வெள்ளி மாலை, வேலை முடிந்தபின், அவரும் நானும் இரும்புக் கம்பி கொண்டு கீழ்வரிசைத் துளைகள் ஏழையும் குத்தித் திறந்தோம். நாலாவதிலிருந்து மஞ்சள் நீர் பீறிட்டு அவரது சப்பாத்தை நனைத்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. பஸ்ஸைத் தவறவிட்டு இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.