மஹர்லிகா: பிரபுவா, துடுப்புக்காரரா?

2023 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் ஜூனியர், அரசு முதலீட்டு நிதி ஒன்றுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் பெயர் 'மஹர்லிகா'. இந்தத் தகாலோக் சொல்லின் மேல் அவருடைய தந்தையான முன்னாள் அதிபர் மார்கோஸுக்குத் தீராத மோகம். இரண்டாம் உலகப் போரில் அதே பெயரில் ஒரு கெரில்லாப் படையை நடத்தி ஜப்பானியரைத் திணறடித்ததாகச் சொல்லிக்கொண்டவர் அவர். அமெரிக்க ராணுவம் அதை அப்போதே விசாரித்து, கட்டுக்கதை என்று தள்ளியிருந்தது. அந்தக் கோப்புகள் 1986-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. நெடுஞ்சாலைக்கெல்லாம் அதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது!

மஹர்லிகா என்றால் பிரபு, ராஜ வம்சத்தவர் என்பது மார்கோஸ் தரப்பு பரப்பிய பொருள்.

பழைய ஏடு வேறு கதை சொல்கிறது. தகாலோக் மக்களின் வழக்கங்களை 1589-இல் எழுதிவைத்த பாதிரியார் ஹுவான் தே பிளாசென்சியா, மஹர்லிகாக்களைப் பிரபுக்கள் என்றுதான் குறிப்பிடுகிறார். ஆனால், அவர் சொல்லும் வேலைகளைப் பாருங்கள். தலைவரான 'தாத்து'வுக்கு இவர்கள் வரி கட்ட வேண்டாம். போர் வந்தால் சொந்தச் செலவில் கூடவே போக வேண்டும். புறப்படும் முன் தாத்து விருந்து வைப்பார். திரும்பியதும் கொள்ளைப் பொருளில் பங்கு. அவர் படகேறினால் துடுப்புப் போட வேண்டும், வீடு கட்டினால் கைகொடுக்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாடு உண்டு. அடிமையல்லாத சுதந்திரர்கள், அவ்வளவுதான். ஆளும் வர்க்கம் 'மகினோ' எனப்பட்டது.

சொல்லின் வேர் எது? 'மகா லிங்கம்' என்று பிரித்து, ஆண்குறி என்று பொருள் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சுவையான கதைதான், ஆனால் ஒலி ஒட்டவில்லை. பெருஞ்செல்வமும் ஆற்றலும் உடையவரைக் குறிக்கும் 'மஹர்த்திக' என்ற சமஸ்கிருதச் சொல்லே மூலம் என்பதுதான் மொழியறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போன அந்தச் சொல் 'சுதந்திரர்' என்று பொருள் மாறியது. மலேசியத் தமிழர்கள் ஆண்டுதோறும் சுதந்திர நாளான ஆகஸ்ட் 31-இல் கேட்கும் 'மெர்டேகா'வும் இதன் உடன்பிறப்பே. டச்சுக்காரர்களின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுதலை பெற்ற அடிமைகளுக்கு 'மார்டைக்கர்' என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

காலனியச் சாயலை உதறுவதற்காக பிலிப்பைன்ஸ் நாட்டுக்கே மஹர்லிகா என்று பெயர் சூட்ட வேண்டும் என, 1978-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எடி இலார்டே மசோதா கொண்டுவந்தார். 2019-இல் அதிபர் துதர்த்தேவும் அந்தப் பேச்சை எடுத்தார். இரண்டுமே கைகூடவில்லை. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரே இன்றும் அந்த நாட்டின் பெயர்.