நாலூரான் என்ற அமைச்சன்

தை அஸ்தம் வந்துவிட்டால் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கூரத்தாழ்வானைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பெருஞ்செல்வத்தைத் துறந்து தேவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் போனதும், ஸ்ரீபாஷ்யம் எழுத உடையவரான இராமானுசருக்குத் துணைநின்றதும், கண்ணிழந்ததும் விரிவாகச் சொல்லப்படும். நாலூரானுக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம்தான். குருத்துரோகி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த அமைச்சன் யார், என்ன செய்தான் என்று நின்று பார்க்காவிட்டால், ஆழ்வான் பின்னாளில் காஞ்சியில் கேட்ட வரத்தின் கனம் நமக்குப் பிடிபடாது.

குருபரம்பரை நூல்கள் சொல்வது இது. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று சோழ மன்னன் வித்வான்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தான். பலரும் எழுதிக் கொடுத்தார்கள். அவனுடைய அமைச்சன் நாலூரான், ஆழ்வானிடம் பாடம் கேட்ட சீடன். இத்தனை பேர் எழுதி என்ன பயன், உடையவரும் ஆழ்வானும் கையெழுத்திட்டால் அல்லவா செல்லும் என்று அவன்தான் மன்னனுக்கு எடுத்துக் கொடுத்தான். அந்த மன்னன் முதலாம் குலோத்துங்கன் என்றும் இரண்டாம் குலோத்துங்கன் என்றும் வரலாற்றாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். கதைக்கு ஆதாரம் வைணவ மரபு நூல்களே. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

அந்த யோசனை எப்படி ஒருவனுக்குத் தோன்றியிருக்கும்? சோழர் ஆட்சியே எழுத்தின்மேல் நடந்த ஆட்சி. மன்னன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருவாய்க்கேள்வி அதிகாரி கேட்டுவர, திருமந்திர ஓலை எழுத, ஓலைநாயகம் சரிபார்க்க, அதன் பிறகே ஆணை ஊருக்குப் போகும். வரிக்கணக்குக்குப் புரவுவரித் திணைக்களம் தனியாக இருந்தது. தானக் கல்வெட்டுகளின் கடைசியில் இவை இன்னார் எழுத்து என்று வரிசையாகச் சாட்சிகள் நிற்பதைப் பார்க்கலாம். நிலம் கைமாறவும் இறையிலி செல்லவும் அந்த எழுத்தே போதும். அப்படிப்பட்ட அலுவலில் ஊறியவன், பரம்பொருள் எது என்பதையும் ஓர் ஓலையில் முடித்துவிடலாம் என்று நம்பிவிட்டான். ஆசிரியரின் ஞானத்தை அருகிலிருந்து அறிந்தவன் அவன். அதனால்தான் அவருடைய கையெழுத்தின் மதிப்பும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கற்ற கல்வியைக் கொண்டே கற்பித்தவரைக் காட்டிக்கொடுத்தான். அவனுடைய வீழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். மன்னன் தலையசைத்து அந்த யோசனையை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே அவன் விழுந்துவிட்டான்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. உடையவருக்குப் பதிலாக அவருடைய காவியை உடுத்திக்கொண்டு ஆழ்வான் மன்னனின் அவையில் போய் நின்றார். உடையவரின் ஆசாரியர், முதுமையால் தளர்ந்த பெரிய நம்பியும் உடன் சென்றார். கையெழுத்துக்கு நீட்டிய ஓலையில், சிவம் துரோணம் என்ற அளவைப் பெயர்களை வைத்து, சிவத்தைவிடத் துரோணம் பெரிது என்று ஆழ்வான் எழுதினார். இருவரும் கண்ணிழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். பசுபதிகோயிலில் அவருடைய திருவரசு இருக்கிறது. உடையவர் மேற்கே போய் மேல்கோட்டையில் தங்கினார். ஆழ்வான் திருமாலிருஞ்சோலையில் வாழ்ந்து சுந்தரபாஹு ஸ்தவம் பாடினார். ஓர் ஓலைக்கு இத்தனை விலை.

நாலூரானைப் போலத் தவறிய அதிகாரியை நம் வட்டாரம் எப்படி நடத்தியது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடும்பு என்ற 30 ஊர்ப் பகுதிகளிலிருந்து குடவோலை எடுத்து, வாரியங்கள் என்ற ஊர்க் குழுக்களை அமைத்த விவரத்தை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதே கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படத் தகாதவன். விதி அவனோடு நிற்கவில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடும் தகப்பனோடும் பிறந்தவர்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முழுவதையும் எண்ணி விலக்குகிறது. ஊர்ப்பணத்தைக் காக்க அந்தக் கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய ஆட்சிக்கும் அது வேண்டும் என்பேன். ஒருவன் செய்த பிழை அவனைச் சேர்ந்தவர்கள் அனைவரையும் வெளியே தள்ளும் என்பது அந்தச் சட்டத்தின் போக்கு.

ஆழ்வான் போன வழி இதற்கு நேர் எதிர். உடையவர் மேல்கோட்டையிலிருந்து திரும்பி வந்த பிறகு, போன கண்ணை வரதராஜப் பெருமாளிடம் கேட்டுப் பெறச் சொல்லி அவரைக் காஞ்சிக்கு அனுப்பினார். அங்கே வரதராஜ ஸ்தவம் பாடினார் ஆழ்வான். பெருமாள் உகந்து, வேண்டியதைக் கேள் என்றார். தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆழ்வான் கேட்டார். கண்ணைக் கேட்கவில்லை. கேட்கச் சொன்ன ஆசாரியனுக்கே அது வருத்தமாக இருந்தது என்று மரபு சொல்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலூரான் செய்தது பிழையில்லை என்று ஆழ்வான் எங்கும் சொல்லவில்லை. அவையில் அவர் எழுதிய எழுத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. உத்திரமேரூர்ச் சபையார் உறவைச் சொல்லி விலக்கினார்கள். இவர் சீடன் என்ற உறவைச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். தம்மிடம் ஒருநாள் பாடம் கேட்டவனைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

வரும் தை அஸ்தத்தன்று கூரத்து ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆழ்வான் சந்நிதி முன் உபந்நியாசம் செய்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். கண்ணிழந்த கட்டத்தோடு கதையை முடித்து மங்களம் பாடிவிடாதீர்கள். காஞ்சியில் கேட்ட வரத்துக்கும் நாலூரானுக்கும் அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.