பொன்விழா மலரும் இணையப் பக்கமும்



சென்ற மாதம் பார்வையற்ற நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பொன்விழா மலரில் நான் எழுதிய கட்டுரையைப் பள்ளி இணையதளத்தில் திறந்தேன். என் கைப்பேசி எந்தப் பக்கத்தையும் வாசித்துக் காட்டும், இதை மட்டும் வாசிக்கவில்லை. அங்கே எழுத்தே இல்லையாம், வெறும் படமாம்" என்றார். அந்தத் தவறு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2004-இல் மலர்க் குழுவுக்கு நான் பொறுப்பு. இணையதளம் வடிவமைக்கும் தொழிலில் இருந்த நம் மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, "மலர் அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையிலும் வர வேண்டும்" என்றேன். "சார், தாளுக்கு ஒரே அளவு. திரை ஆளுக்கொரு அளவு. பல கணினிகளில் தமிழ் எழுத்துருவே இருக்காது" என்றான். நான் காதில் வாங்கவில்லை. ஓரக்கோடு தள்ளியிருக்கிறது, தலைப்பு சிறுத்துவிட்டது என்று பதினோரு முறை திருத்தச் சொன்னேன். கடைசியில் அவன் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றினான். "ரொம்ப இழுத்துவிட்டாய்" என்று பேசிய தொகையிலும் குறைத்துக் கொடுத்தேன்.

அவன் சொன்னதுதான் சரி என்பது பிறகு படித்தபோது புரிந்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இந்த வலையை முன்மொழிந்தபோது, அங்கே பல வகைக் கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஆவணத்தைப் படிக்க முடிய வேண்டும். ஆகவே அவர் அமைத்த ஹெச்டிஎம்எல், 'இது தலைப்பு, இது பத்தி' என்று மட்டும் சொல்லும். அதை எப்படிக் காட்டுவது என்பதைப் படிப்பவரின் கணினி பார்த்துக்கொள்ளும்.

1993-இல் வந்த மொசைக் உலாவி எழுத்தோடு படத்தையும் காட்டியது. நிறுவனங்கள் திரண்டு வந்தன. தங்கள் அச்சு விளம்பரம் போலவே பக்கம் வேண்டும் என்றன. வடிவமைப்பாளர்கள் புள்ளிவிவரத்துக்கான அட்டவணையைப் பக்கச் சட்டமாக்கி, கண்ணுக்குத் தெரியாத படங்களை வைத்து இடைவெளியை நிரப்பினார்கள். தோற்றத்தைத் தனியாக எழுதும் சிஎஸ்எஸ் 1996-இல் தரநிலையானது. உலாவிகள் அதைச் சரியாகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. 2000-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஆல்சாப், வளைந்து கொடுப்பதே வலையின் பலம் என்று வாதிட்டார். 2007-இல் ஐபோன் வந்தது. 2010-இல் ஈதன் மார்காட் திரைக்கேற்ப மாறும் வடிவமைப்பை விளக்கினார். என் மாணவன் 2004-லேயே என்னிடம் கெஞ்சியது இதைத்தான்.

கூட்டன்பர்க் 1450-களில் அச்சிட்ட பைபிளும் கையெழுத்துப் பிரதி போலவே இருந்தது. அலங்கார எழுத்துகளுக்கு இடம் விட்டு அச்சிட்டு, பிறகு கையால் வரைந்தார்கள். வாங்குகிறவர் கண்ணுக்குப் பழகியது அதுதான். புதிய கருவியிடம் பழைய உருவத்தைக் கேட்பது மனித சுபாவம். இதை வருடா வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். என் முறை வந்தபோது எனக்கே தெரியவில்லை.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு முன், யார் படிக்கப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். வேலை செய்பவர்களே, எத்தனை திருத்தம், எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள், ஆசிரியரே கேட்டாலும்.

போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, குறைத்த பணத்தையும் நீட்டினேன். வாங்கவில்லை. "மலரை எழுத்தாகத் தட்டச்சு செய்ய ஆள் பிடித்துக் கொடுங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

மலர் 112 பக்கம். முதல் பத்துப் பக்கம் என்னுடையது. அடுத்த பத்தை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்